திடநிலை லேசரின் வெளியீடு ஆடினால் எங்கே தொடங்குவது?

பவர் மீட்டரில் எண் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் 4.2 வாட் காட்டியது, இப்போது 3.8. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 4.0. லேசர் மேசைக்குப் புதிதாக வந்தவர்களின் கை அந்த நேரத்தில் நேராக மிரரைப் பிடித்திருக்கும் மவுன்ட்டின் திருகுக்குத்தான் போகும். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். திருகைத் தொட்டுவிட்டால், ஏற்கெனவே இருந்த கோளாறோடு நீங்கள் உண்டாக்கிய கோளாறும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே இரண்டு நாள் ஆகிவிடும்.

யாக், வனடேட் போன்ற படிகங்களை வைத்து ஓடும் இந்தத் திடநிலை லேசர்களில் வெளியீடு ஆடுவதற்குக் காரணங்கள் நிறைய. ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தாளம் உண்டு. லேசரைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை ஏறி இறங்குவது நிமிடக் கணக்கில் தெரியும். காற்றும் மேசை அதிர்வும் நொடிக் கணக்கில் தெரியும். மின்வழங்கியின் அலை 100 ஹெர்ட்ஸில் வரும். படிகத்துக்குள்ளேயே பிறக்கும் அலைவு பல்லாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல். அதனால் எவ்வளவு ஆடுகிறது என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று கேளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

முதலில் கண்

இதைத் தாண்டி எதுவும் செய்யாதீர்கள். யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பம்ப் ஆக, அதாவது படிகத்துக்கு ஆற்றலை ஊட்டுவதாக, இருக்கும் டயோடின் 808 நானோமீட்டர் ஒளியும் கிட்டத்தட்ட அப்படியே. மங்கலான சிவப்பாகத் தெரிவதை வைத்து அது பலவீனமானது என்று நினைத்துவிடக் கூடாது. பச்சை லேசராக இருந்தால் பச்சையோடு இந்த இரண்டும் சேர்ந்து வெளியே வரலாம். நீங்கள் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் வேலை செய்கிற எல்லா அலைநீளங்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டயோடுக்குப் பதிலாக ஃபிளாஷ் விளக்கைப் பம்ப் ஆக வைத்த லேசர் என்றால் மின்தேக்கிகள் அணைத்த பிறகும் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை வைத்திருக்கும். அந்தப் பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

அளவிடும் கருவியே ஆடுகிறதா?

பாதி நேரம் லேசர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஆடுவது மீட்டர். வெப்பவகை பவர் மீட்டர் வெப்பத்தைத்தான் அளக்கிறது. அதன் தலைக்கு அருகே கையை வீசிப் பாருங்கள், எண் நகரும். மேலே ஏசியின் காற்று படுகிற இடத்தில் அதை வைத்திருந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஏசியின் ஏற்ற இறக்கத்தை. தவிர, அது பதில் சொல்லவே சுமாராக ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். அதைவிட வேகமான ஆட்டம் எதுவும் அதில் தெரியாது.

வேகமானதைப் பார்க்க போட்டோடயோடும் ஆசிலோஸ்கோப்பும் வேண்டும். இதிலும் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, ஒளி அதிகமாகிப் போட்டோடயோடு நிரம்பிவிட்டால் அலையின் மேல்பகுதி தட்டையாகிவிடும். லேசர் ரொம்ப நிலையாக இருப்பதாகத் தோன்றும். அடுத்தது, கூரையில் இருக்கும் விளக்கு. ஒளிக்கற்றையை ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள். அப்போதும் திரையில் 100 ஹெர்ட்ஸ் அலை நின்றால் அது விளக்கின் அலை; 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 120. கடைசியாக, கற்றை சென்சாரின் விளிம்பில் விழுந்துகொண்டிருக்கலாம். அப்போது கற்றை இம்மி அளவு நகர்ந்தாலும் பவர் ஆடுவதுபோல் காட்டும். முன்னால் ஒளியைச் சிதறடிக்கும் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடும்.

ஒளியைக் குறைக்க நடுவில் வைக்கும் ஃபில்டரையும் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அதன் இரண்டு முகங்களும் இணையாக இருந்தால் அவற்றுக்கிடையே ஒளி எதிரொளித்துக் குறுக்கிடும். ஃபில்டர் சூடாகச் சூடாகக் கடந்து வரும் ஒளி மெல்ல ஏறி இறங்கும். லேசரே ஏறி இறங்குகிறது என்று நாம் அதைத் தவறாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு மணி நேரப் பதிவு

மீட்டரை நம்பலாம் என்று தெரிந்ததும் எதையும் மாற்றாமல் ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். பவரோடு கூடவே குளிர்நீரின் வெப்பநிலை, டயோடின் வெப்பநிலை, டயோடு மின்னோட்டம், அறையின் வெப்பநிலை நான்கையும் ஒரே நேர அச்சில் எழுதுங்கள். அது முடிந்ததும் ஆசிலோஸ்கோப்பில் மூன்று அகலங்களில் பாருங்கள்: திரை முழுக்கச் சில நொடிகள், பிறகு சில பத்து மில்லி நொடிகள், பிறகு சில பத்து மைக்ரோ நொடிகள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். எந்தத் திரையில் ஆட்டம் தெரிகிறதோ, தேட வேண்டிய திசை அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

லேசரைப் போட்டு முதல் அரை மணி நேரத்தில் வருகிற மெதுவான நகர்வைக் கோளாறாகக் கணக்கெடுக்காதீர்கள். அடித்தட்டு, மவுன்ட்டுகள், படிகம் எல்லாம் சூடாகி நிலைபெற அந்த நேரம் தேவை.

நிமிடக் கணக்கில் ஏறி இறங்கினால்

நான் ஒருமுறை ஒரு யாக் லேசரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பவர் மேலே போகும், கீழே வரும், திரும்ப மேலே போகும். மிரரைச் சரிசெய்தால் சரியானதுபோல இருக்கும். ஐந்தாறு நிமிடத்தில் பழைய கதை. மூன்றாம் நாள் காலை மீட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது: பக்கத்து அறையில், நீரைக் குளிர்விக்கும் சில்லரின் கம்ப்ரசர் 'டக்' என்று போட்டுக்கொள்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் பவர் ஏறத் தொடங்கியது. கம்ப்ரசர் நின்றது, பவர் இறங்கத் தொடங்கியது. அதன் பிறகு நோட்டை எடுத்து, கம்ப்ரசர் போடுகிற நேரத்தையும் பவரையும் பக்கம் பக்கமாக எழுதினேன். பத்து சுற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

ஏன் அப்படி? டயோடு லேசரின் அலைநீளம் வெப்பநிலையோடு நகரும். 808 நானோமீட்டர் டயோடுகளில் டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர். யாக் படிகம் அந்த இடத்தில் ஒளியை விழுங்குகிற பட்டையோ ஓரிரு நானோமீட்டர் அகலம்தான். நீரின் வெப்பநிலை மேலும் கீழுமாக இரண்டிரண்டு டிகிரி ஆடினால் மொத்தம் நான்கு டிகிரி; அலைநீளம் 1.2 நானோமீட்டர் நகர்ந்துவிடும். டயோடு அதே அளவு ஒளியைக் கொட்டிக்கொண்டிருந்தாலும் படிகம் விழுங்குவது குறைகிறது, மிச்சம் அப்படியே கடந்து போகிறது. வனடேட்டில் அந்தப் பட்டை கொஞ்சம் அகலமாகவும் விழுங்கும் திறன் அதிகமாகவும் இருப்பதால் அது இதைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: டயோடின் வெப்பநிலையை மட்டும் ஒவ்வொரு டிகிரியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நிலைபெறும்வரை காத்திருந்து பவரைக் குறியுங்கள். ஒரு மேடு வரும். நீங்கள் மேட்டின் உச்சியில் இருந்தால் சின்ன வெப்பநிலை ஆட்டம் பவரைப் பெரிதாக அசைக்காது. மேட்டின் சரிவில் இருந்தால் ஒவ்வொரு அரை டிகிரியும் மீட்டரில் தெரியும். பெரும்பாலான நேரம் வெப்பநிலையை உச்சிக்கு நகர்த்தினாலே போதும், புதிய சில்லர் தேவைப்படாது. டயோடுக்கு வயதாக ஆக அதன் அலைநீளம் மெல்ல நீளும் என்பதால், போன வருடம் உச்சியாக இருந்த இடம் இந்த வருடம் சரிவாக இருக்கலாம்.

வாசலுக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள்

லேசர் பிறப்பதற்கு ஒரு குறைந்தபட்சப் பம்ப் அளவு வேண்டும், அதுதான் வாசல். வாசலுக்கு மேலே உள்ள பம்ப்பின் அளவுக்கேற்பத்தான் வெளியீடு வரும். ஒரு கணக்குப் போடுவோம். வாசல் 4 வாட், நீங்கள் பம்ப் செய்வது 5 வாட் என்று வையுங்கள். வேலை செய்வது மேலே உள்ள 1 வாட் மட்டுமே. பம்ப் 5 சதவீதம், அதாவது 0.25 வாட் ஆடினால் வெளியீடு 25 சதவீதம் ஆடும். அதே லேசரை 12 வாட்டில் ஓட்டுங்கள். 5 சதவீதம் என்பது 0.6 வாட், மேலே இருப்பதோ 8 வாட். ஆட்டம் 7.5 சதவீதம்தான்.

குறைந்த பவர் வேண்டும் என்பதற்காக மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். லேசரைத் தெம்பாக ஓடவிட்டு, வெளியே வந்த கற்றையை அரை அலைத் தகடும் முனைவாக்கியும் வைத்துக் குறையுங்கள்.

படிகமே லென்ஸாக மாறும்போது

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். 808-ல் உள்ளே போகும் ஒளி 1064-ல் வெளியே வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம் 24 சதவீதம். அது எப்படியும் படிகத்துக்குள் வெப்பமாகத்தான் தங்கும். 10 வாட் விழுங்கினால் குறைந்தது 2.4 வாட் சூடு, அதுவும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளியில். படிகத்தின் நடுப்பகுதி சூடாகவும் விளிம்பு குளிர்ச்சியாகவும் இருக்கும். யாக்கில் சூடான இடத்தில் ஒளிவிலகல் எண் கூடுகிறது. விளைவு, படிகம் ஒரு குவிலென்ஸாக நடந்துகொள்ளும். பம்ப் கூடக் கூட அந்த லென்ஸ் வலுவாகும்.

மிரர்களின் வளைவும் இடைவெளியும் ஒரு குறிப்பிட்ட லென்ஸை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. லென்ஸ் மாறிக்கொண்டே போனால், ஒளி மிரர்களுக்கு நடுவே திரும்பத் திரும்பச் சென்று வரக்கூடிய எல்லையைவிட்டு அமைப்பு வெளியேறிவிடும். எல்லையின் விளிம்பில் நிற்கிற லேசர்தான் கையைத் தூக்கினால்கூட ஆடும்.

கண்டுபிடிக்க, மின்னோட்டத்தைச் சின்னச் சின்னப் படிகளாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து பவரையும் கற்றையின் வடிவத்தையும் குறியுங்கள். முதலில் நேர்கோடாக ஏறும். ஒரு கட்டத்தில் கோடு வளைந்து, பிறகு கீழே விழும். அதே இடத்தில் வட்டமான கற்றை நீளும், அல்லது இரண்டாகப் பிரியும். வடிவமும் பவரும் ஒன்றாகக் கெட்டால் வெப்ப லென்ஸைச் சந்தேகப்படுங்கள். வடிவம் அப்படியே இருந்து பவர் மட்டும் குறைந்தால் டயோடின் பக்கம் பாருங்கள். படிகத்தைப் பிடித்திருக்கும் உலோகத் தாங்கிக்கும் படிகத்துக்கும் நடுவே உள்ள இண்டியம் தகடு சரியாகப் படியாமல் போனாலும் இதே அறிகுறிதான் வரும்.

ஃபிளாஷ் விளக்கு லேசர் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 துடிப்பு என்று வடிவமைத்த லேசர் அந்த 10 துடிப்பின் சூட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அமைக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு நொடிக்கு 2 துடிப்பு போதும் என்று விளக்கை 2 முறை எரியவிட்டால் வெப்ப லென்ஸ் மாறி, கற்றை கெட்டுப்போகும். விளக்கை 10 முறையே எரியவிட்டு, படிகத்தில் ஆற்றல் சேரும்வரை மூடியிருந்து சட்டென்று திறக்கும் க்யூ-ஸ்விட்ச்சை மட்டும் ஐந்துக்கு ஒருமுறை திறக்கவிடுங்கள்.

நொடிக் கணக்கில் துடித்தால்

பெரும்பாலும் இது மேசை மேல் இருக்கிற சங்கதி. மூடியை மூடிவைத்துவிட்டுப் பாருங்கள்; ஆட்டம் அடங்கினால் காற்றோட்டம்தான் காரணம். ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு மவுன்ட்டின் அடித்தட்டையும் மெதுவாகத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது பவர் துள்ளி, திரும்பி வராமல் வேறு இடத்தில் போய் நிற்கிறதோ அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது. குளிர்நீர்க் குழாய் லேசர் தலையோடு உரசிக்கொண்டிருக்கிறதா, நீரில் குமிழி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

தூசியும் இங்கேதான் வரும். கற்றை செல்லும் பாதையில் மிதக்கும் ஒரு தூசி பளிச்சென்று ஒரு கணம் பவரைக் குறைத்துவிட்டுப் போய்விடும். அது கவலைப்பட வேண்டியதல்ல. மிரரில் உட்கார்ந்த தூசி அப்படியல்ல, அது எரிந்து பூச்சைக் கருக்கிவிடும். பவர் வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தால் லேசரை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒவ்வொரு மிரரையும் பாருங்கள். துடைக்கும் முறை: முதலில் சுத்தமான காற்றால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் தாள் ஒன்றை மிரரின் மேல் போட்டு, ஒரு துளி தூய மெத்தனால் விட்டு, தாளை ஒரே திசையில் ஒருமுறை மெதுவாக இழுத்து எடுத்துவிடுங்கள். அந்தத் தாளை மறுபடி உபயோகிக்க வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் தூசியே பூச்சைக் கீறிவிடும். ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிக்க வைக்கும் எல்பிஓ, பிபிஓ படிகங்கள் ஈரத்தை இழுப்பவை; அவற்றின் அருகே வாய்க்காற்றைக்கூட ஊதாதீர்கள்.

திரும்பி வரும் ஒளி

கற்றை போய்ப் படுகிற லென்ஸ், ஃபைபர் முனை, பளபளப்பான உலோகம் எதுவும் ஒளியின் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பும். அது லேசருக்குள் நுழைந்தால் ஒழுங்கில்லாத ஆட்டம் வரும். சோதனை எளிது: லேசருக்குப் பக்கத்திலேயே ஒரு சாய்ந்த கண்ணாடித் துண்டால் கொஞ்சம் ஒளியைப் போட்டோடயோடுக்குத் திருப்புங்கள். பிறகு மீதிக் கற்றையை ஒளிவிழுங்கியால் தடுத்துவிடுங்கள். தடுத்ததும் ஆட்டம் அடங்கினால் குற்றவாளி அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறார். லென்ஸை ஓரிரு டிகிரி சாய்ப்பது பல நேரம் போதும். போதாவிட்டால், ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் ஃபாரடே ஐசோலேட்டர்.

கிலோஹெர்ட்ஸில் ஆடினால்

1960 மே 16 அன்று தியோடர் மெய்மன் முதன்முதலாக ரூபி லேசரை ஒளிரவைத்தார். அந்த ஆரம்பகால ரூபி லேசர்களின் துடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது வழவழப்பாக இல்லை, ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றது. காரணம், திடநிலைப் படிகங்களில் கிளர்ந்த அணுக்கள் நெடுநேரம் காத்திருக்கும். யாக்கில் அந்த ஆயுள் சுமார் 230 மைக்ரோ நொடி. மிரர்களுக்கு நடுவே ஒளி தங்கும் நேரமோ நானோ நொடிக் கணக்கு. சேமிப்பு மெதுவாக நிரம்புகிறது, ஒளி வேகமாகக் காலிசெய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளி, ஊஞ்சல்போல ஆடுகின்றன. இதை ரிலாக்சேஷன் அலைவு என்பார்கள். ஒளி தங்கும் நேரம் 10 நானோ நொடி, பம்ப் வாசலைப்போல் மூன்று மடங்கு என்றால் அந்த ஊஞ்சல் சுமார் 150 கிலோஹெர்ட்ஸில் ஆடும்.

சும்மா விட்டால் இது தானே அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்து ஆடினால் யாரோ ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் டயோடு மின்வழங்கியின் இரைச்சல். பம்ப்பை மாற்றிப் பாருங்கள். அதிர்வெண்ணும் கூடவே நகர்ந்தால் பார்ப்பது ரிலாக்சேஷன் அலைவு. நகராமல் ஒரே இடத்தில் நின்றால் அது மின்வழங்கியின் சொந்த அதிர்வெண். மின்வழங்கியை மாற்றிப் பாருங்கள்.

பச்சை லேசர்களுக்கு மட்டும்

மிரர்களுக்கு நடுவே ஒளி சென்று வரும் கேவிட்டிக்குள்ளேயே கேடிபி படிகத்தை வைத்து, அதிர்வெண்ணை இரட்டித்து 1064 நானோமீட்டரை 532 ஆக்கும்போது ஒரு தனித் தொல்லை வரும். 1986-இல் தாமஸ் பேர் இதை விளக்கி எழுதினார்; அன்றிலிருந்து பச்சைத் தொல்லை என்றே இதற்குப் பெயர். லேசருக்குள் ஒரே நேரத்தில் பல மோடுகள், அதாவது சற்றே வேறுபட்ட அதிர்வெண்கள், ஓடுகின்றன. கேடிபி ஒவ்வொரு மோடையும் இரட்டிப்பதோடு, இரண்டு மோடுகளைக் கூட்டியும் பச்சையாக்குகிறது. அதனால் ஒரு மோடு வளர்ந்தால் பக்கத்து மோடு நஷ்டப்படும். பக்கத்து மோடு திருப்பி அடிக்கும். பவர் மீட்டர் சராசரியைக் காட்டி அமைதியாக இருக்கும். வேகமான போட்டோடயோடில் பார்த்தால் பச்சை அடியிலிருந்து உச்சிவரை தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு மிரர் திருகில் மருந்து இல்லை. ஒரே மோடில் ஓடும் வளையக் கேவிட்டி, கேவிட்டிக்குள் கால் அலைத் தகடு, அதிர்வெண்ணை வடிகட்டும் எட்டலான் என்று வடிவமைப்பிலேயே வழி தேட வேண்டும். ஆனால் ஆட்டம் மெதுவாக இருந்தால், பச்சைத் தொல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இரட்டிக்கும் படிகத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். எல்பிஓ படிகம் 1064-ஐ இரட்டிக்கும்போது பெரும்பாலும் 149 டிகிரி செல்சியஸை ஒட்டி அடுப்புக்குள் வைக்கப்பட்டிருக்கும். அந்த அடுப்பு ஆடினால் பச்சையும் ஆடும்.

துடிப்பு லேசரில்

க்யூ-ஸ்விட்ச் போட்ட லேசரில் துடிப்புக்குத் துடிப்பு அளவு மாறினால், எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பெரியது, சிறியது, பெரியது, சிறியது என்று ஒழுங்காக வந்தால், துடிப்புகளை மிக வேகமாகக் கேட்கிறீர்கள்; 230 மைக்ரோ நொடி ஆயுள் என்பதால் யாக்கில் நொடிக்கு 4000 துடிப்புகளைத் தாண்டத் தாண்டப் படிகம் முழுதாக நிரம்ப நேரம் கிடைப்பதில்லை. ஒழுங்கே இல்லாமல் மாறினால் ஸ்விட்ச் சரியாக மூடுகிறதா என்று சோதியுங்கள். ஒலிவகை ஸ்விட்ச்சை ஓட்டும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) பவர் குறைந்தால் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் ஒளி கசியும். இடைவெளி விட்டுத் தொடங்கும் முதல் துடிப்பு மட்டும் பூதாகரமாக வந்தால், அது ஓய்வில் சேர்ந்த ஆற்றல். அதை அடக்கும் வசதி பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உண்டு, போட்டு வையுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு துடிப்பே மிரரைப் பொசுக்கிவிடும்.

இனித் திருகு

இவ்வளவும் பார்த்து, மீட்டர், குளிர்நீர், டயோடு, தூசி, எதிரொளி எதுவும் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகு மிரரைத் தொடலாம். தொடுவதற்கு முன் இப்போதைய பவரை எழுதி, திருகின் தலையிலும் மவுன்ட்டிலும் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கிடைத்திருகு ஒன்றை மட்டும் பிடித்து, கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுக்குத் திருப்புங்கள். பவர் ஏறினால் அதே திசையில் போய் உச்சியைக் கொஞ்சம் தாண்டி, திரும்பி உச்சிக்கு வாருங்கள். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், விரல் அழுத்தத்தில் மவுன்ட் வளைந்திருக்கும். பிறகு அதே மிரரின் செங்குத்துத் திருகு. இரண்டும் முடிந்த பிறகும் பழைய பவர் வரவில்லை என்றால் கோட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரப் பதிவை மறுபடி எடுத்துப் பாருங்கள்.